காரைக்குடியில் நண்பர்களோடு குறைந்த செலவில் நன்றாகச் சாப்பிட: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதைத்தான். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர்கள், சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆய்வு மாணவர்களாக வந்தவர்கள், வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மாற்றலாகி வந்தவர்கள், பெரிய வீடுகளைப் பார்ப்பதற்காக நண்பர்களோடு இரண்டு நாள் தங்க வருகிறவர்கள் என எல்லோரிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. கடையின் பெயரைவிட நேரம் முக்கியம் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் பதில். இந்த ஊரின் சிறிய மெஸ்களிலும் டிபன் கடைகளிலும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுதுக்கென்று அளவாகச் சமைக்கிறார்கள், தீர்ந்தால் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தை அறிந்து போய், வேண்டியதை மட்டும் கேட்டு, பகிர்ந்து சாப்பிடும் நண்பர் குழு குறைந்த செலவில் வயிறும் மனமும் நிறையச் சாப்பிட்டுவிடும். நேரம் தவறிப் போகும் குழுவோ, அதே கடையில் ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு, செட்டிநாட்டுச் சாப்பாடு இவ்வளவுதானா என்று கேட்டபடி ஊர் திரும்பும். அப்படி ஒருவரும் திரும்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், எதை எதிர்பார்த்து வருவது

வெளியூர்களில் ‘செட்டிநாடு’ என்ற அடைமொழியோடு விற்கும் கறிகளை உண்டு பழகியவர்கள், இங்கே எல்லாமே கண்ணில் நீர் வரவழைக்கும் காரமாக இருக்கும் என்று எண்ணி வருகிறார்கள். இந்த ஊர்ச் சமையலின் சிறப்பு, வறுத்து அரைத்த மசாலாவின் மணத்தில்தான் இருக்கிறது. மிளகு, சோம்பு, சீரகம், கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு ஆகியவற்றைச் சின்ன வெங்காயத்தோடும் தேங்காயோடும் சேர்க்கும் பக்குவம் கைக்குக் கை மாறும். ஆனால் நன்றாகச் சமைத்த குழம்பில் மிளகாய் மற்றவற்றை அமுக்கிவிடாது. காரத்துக்குப் பயந்து வெறும் தயிர்ச்சோறு கேட்கும் நண்பர் உங்கள் குழுவில் இருந்தால், அவரைக் கோழிக் குழம்பை ஒரு கரண்டி மட்டும் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் திருமணத்துக்கும் நோன்புக்கும் செய்யும் பலகாரங்களும் குழம்புகளும் வேறு. ஊர்க் கடைகளில் அன்றாடம் கிடைப்பது வேறு. கவுனி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகத்துக்காகப் பர்மா சென்றவர்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்த அந்தக் கறுப்பரிசியை, முதல் நாள் இரவே ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிளற வேண்டும். அரிசி விலையும் உழைப்பும் அப்படி இருக்கும்போது, குறைந்த விலை டிபன் கடை அதை நாள்தோறும் செய்து வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றி நடத்துகிறவர்கள் இலை போட்டுப் பரிமாறும் விருந்தில் அது கிடைக்கலாம். அதற்கு முன்பதிவு வேண்டும், விலையும் பல மடங்கு. மாணவர்களும் புதிதாகச் சம்பளம் வாங்கத் தொடங்கியவர்களும் அந்த விருந்தை ஒரு பிறந்தநாளுக்கோ வேலை கிடைத்த மகிழ்ச்சிக்கோ வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் மெஸ்ஸை நம்புவதே நல்லது. ஊரின் உண்மையான அன்றாடச் சுவை மெஸ்ஸில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

புறப்படுவதற்கு முன் பேசிக்கொள்ள வேண்டியவை

நான்கு பேர் என்பது இந்த ஊர்க் கடைகளுக்கு மிகப் பொருத்தமான எண்ணிக்கை. பெரும்பாலான மெஸ்களில் நான்கு பேர் உட்காரும் மேசைகளோ, சுவரை ஒட்டிய நீள மேசைகளோதான் இருக்கும். எட்டுப் பேராகப் போனால் ஒரே நேரத்தில் ஒன்றாக உட்கார இடம் கிடைப்பது பகல் ஒரு மணிக்கு அரிது. எட்டுப் பேர் சேர்ந்துதான் போக வேண்டும் என்றால், முதல் நாளே கடைக்குப் போய் அல்லது தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் சைவம் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வரும் கூட்டத்துக்குக் கூடுதலாக அரிசி போடுவார்கள், மீனையும் எடுத்து வைப்பார்கள்.

குழுவில் சைவம் உண்பவர் ஒருவரே இருந்தாலும், அவருக்காகத் தனியாக யோசிக்க வேண்டும். அசைவ மெஸ்ஸில் சைவச் சாப்பாடும் போடுவார்கள். ஆனால் கரண்டியும் அடுப்பும் ஒன்றே என்பதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அதைக் கடை வாசலில் நின்று விவாதிப்பது அவருக்கு மனச்சங்கடம் தரும். காலையும் மாலையும் சைவக் கடை, பகலில் இரண்டு கடை, பிறகு ஒரே டீக்கடையில் சந்திப்பு என்று திட்டமிட்டால் எவருக்கும் குறையில்லை. நிலக்கடலை, முந்திரி போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள், சட்னியிலும் குருமாவிலும் அவை அரைபட்டிருக்கலாம் என்பதால், பரிமாறுகிறவரிடம் கேட்காமல் சமையல் மாஸ்டரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாதத்தையும் கிழமையையும் பாருங்கள். புரட்டாசியிலும், மாலை போடுகிறவர்கள் மிகுந்த கார்த்திகையிலும் அசைவக் கடைகளில் சமைக்கும் அளவு குறையும். சில கடைகள் வெள்ளையடிப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் அந்த நாட்களையே தேர்ந்தெடுக்கும். கல்லூரியையும் அலுவலகத்தையும் நம்பி நடக்கும் சில மெஸ்கள் ஞாயிறு திறப்பதில்லை. கறிக்குப் பெயர்போன கடைகளிலோ ஞாயிறுதான் கூட்டம் அலைமோதும்.

காலை: ஏழு முதல் ஒன்பது வரை

காலை டிபனுக்குச் சிறந்த நேரம் ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. அந்த நேரத்தில் இட்லிக் கொப்பரை அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே இருக்கும், சட்னி அரைத்துச் சற்று நேரமே ஆகியிருக்கும். ஒன்பதரைக்கு மேல் போனால் இட்லி கிடைக்கும். ஆனால் அது ஹாட்பாக்ஸில் வியர்த்து ஈரமாகியிருக்கும். செக்காலைச் சாலையிலும் பேருந்து நிலையங்களைச் சுற்றியும் கடைகள் நிறைய உண்டு என்றாலும், கல்லுக்கட்டிப் பக்கம், முத்துப்பட்டணம், கழனிவாசல் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் நாலைந்து மேசைகளோடு நடக்கும் கடைகளைத் தேடிப் போங்கள். வீட்டுக்கு வாங்கிச் செல்லத் தூக்குவாளியோடு நிற்கும் உள்ளூர்க்காரர்கள் இருந்தால், அந்தக் கடையில் தயங்காமல் உட்காரலாம்.

ஆளுக்கு இரண்டு இட்லி, நான்கு பேருக்கும் பொதுவாக ஒரு செட் இடியாப்பம், ஒரு வடை என்று தொடங்குங்கள். தோசையை இட்லி தீர்ந்த பிறகே கேளுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் இட்லி சாப்பிடும்போதே தோசை வந்து, முறுகல் போய், தோல் போல ஆகிவிடும். கோசமல்லி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளிக்கரைசலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துச் செய்யும் அந்தத் தொடுகறி இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் இந்தப் பகுதியில் நல்ல துணை. எல்லாக் கடைகளிலும் எல்லா நாளும் இருப்பதில்லை, இருக்கும் நாளிலும் சின்னப் பாத்திரத்தில்தான் இருக்கும். கேட்டவர்க்கே அது இலைக்கு வரும்.

பகல்: இலையும் தட்டும்

பகல் சாப்பாடுதான் இந்த வழிகாட்டியின் நடுநாயகம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். பன்னிரண்டரை மணிக்கு முன்பாகவே போய்ச் சேருங்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அலுவலகக் கூட்டமும் கல்லூரிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். இரண்டரைக்கு மேல் சோறு இருக்கும், நல்ல கறி இருக்காது. மீன் குழம்பும் நண்டும் முதலில் தீரும். கிழக்கே தொண்டிப் பக்கத்துக் கடற்கரை தொலைவில் இல்லாததால் கடல் மீன் இங்கே வந்து சேர்கிறது. ஆனால் அன்றன்றைக்கு வந்த மீனை அன்றைக்கே முடிக்கும் கடைகள் அளவாகவே வாங்குகின்றன.

உட்கார்ந்ததும் இலை போடுவார்கள். இலையின் நுனி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நீரைத் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா என்று கேட்பார்கள். முழுச் சாப்பாட்டில் சோறும் குழம்பும் ரசமும் மோரும் கேட்கக் கேட்க வரும். அளவுச் சாப்பாட்டில் ஒருமுறை வைப்பதோடு முடிந்தது, விலையும் குறைவு. குறைவாக உண்பவர் அளவுச் சாப்பாடு வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை. ஆனால் ஒருவர் முழுச் சாப்பாடு வாங்கி, இருவர் ஒரே இலையில் பகிர்ந்து உண்பதைக் கடைக்காரர்கள் ஏற்பதில்லை; அது நியாயமும்கூட. பகிர்ந்துகொள்ள வேண்டியவை கறி வகைகள்.

இனி அந்தக் கறித் தட்டைப் பற்றிச் சொல்கிறேன். சோறு வைத்து, கூட்டும் பொரியலும் வைத்து, குழம்பு ஊற்றும் நேரத்தில், ஒருவர் அகலமான எவர்சில்வர் தட்டைத் தோளுயரத்தில் ஏந்தி மேசைக்கு வருவார். அதில் சின்னச் சின்னத் தட்டுகளில் மட்டன் சுக்கா, எலும்பு வறுவல், கோலா உருண்டை, ஈரல், பொரித்த மீன், நாட்டுக்கோழி, காடை என்று அடுக்கியிருக்கும். குனிந்து, தட்டை உங்கள் கண்ணுக்கு நேராகக் காட்டி, “சுக்கா சூடா இருக்கு, கோலா இப்பத்தான் எடுத்தது, என்ன வைக்கட்டும்ணே?” என்று கேட்பார். கருவேப்பிலையும் சின்ன வெங்காயமும் மினுங்கும் அந்தச் சுக்காவைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்வது கடினம். சோற்றோடு வரும் கறிக்குழம்பும் மீன் குழம்பும் சாப்பாட்டு விலையில் அடங்கும். இந்தத் தட்டில் இருந்து எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, சிலவற்றின் விலை சாப்பாட்டின் விலையைவிடக் கூடுதல். புதியவர்கள் இதை அறியாமல் நான்கு பேரும் ஆளுக்கொன்றாக நான்கு தட்டுகளை இறக்கிவிட்டு, பிறகு கல்லாவில் திகைத்து நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

எனவே தட்டு வந்ததும், “அண்ணே, ஒவ்வொன்னும் என்ன விலைன்னு சொல்லுங்க” என்று கேட்டுவிடுங்கள். எவரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு மரியாதையாகவே பதில் சொல்வார்கள். நான்கு பேருக்கு ஒரு சுக்கா, ஒரு கோலா, ஒரு மீன் என மூன்று போதும். கோலா உருண்டை கொத்துக்கறியைப் பொட்டுக்கடலையோடும் மசாலாவோடும் அரைத்துப் பிடித்துப் பொரிப்பது. எண்ணிக்கையாக வருவதால் பகிர்வதற்கு எளிது. நண்டை மட்டும் பகிர எண்ணாதீர்கள். ஓட்டை உடைத்து உறிஞ்சிச் சாப்பிட வேண்டிய பண்டம் அது; வேண்டியவர் தனக்கென்று ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வதுதான் சரி.

குழம்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. வைத்த சோற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பங்குக்குக் கறிக்குழம்பு, ஒரு பங்குக்கு மீன் குழம்பு, ஒரு பங்குக்கு ரசம் என்று வைத்துக்கொண்டால், எதுவும் ஒன்றோடொன்று கலந்து சுவை கெடாது. மோருக்கு மறுசோறு ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம். முதல் குழம்பிலேயே இலை நிறையச் சோற்றைப் பிசைந்துவிட்டவர்கள் ரசத்தை இழக்கிறார்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட ரசம், இவ்வளவு மசாலாவுக்குப் பிறகு வயிற்றுக்கு இதம் தருவது. அதைத் தவிர்க்காமல் இருப்பது உங்கள் மாலைப் பொழுதுக்கும் நல்லது.

உண்டு முடித்ததும் இலையை உங்களை நோக்கி மடியுங்கள். எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்பதால் வயதானவர்கள் கண்ணில் பட்டால் முகம் சுளிப்பார்கள். சில மெஸ்களில் சாப்பிட்டவரே இலையை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். கை கழுவும் இடத்தருகே அதை எழுதி வைத்திருப்பார்கள், எழுதாத இடத்தில் பக்கத்து மேசைக்காரர் செய்வதைப் பார்த்து நடந்துகொள்ளலாம். முடித்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது பகல் மெஸ்ஸில் கூடாது. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் பசியோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பேச்சை டீக்கடைக்கோ, நிழலுள்ள வேறிடத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள்.

பரிமாறுகிறவரை வயதுக்கேற்ப அண்ணே என்றும் தம்பி என்றும், பெண்களை அக்கா என்றும் அழைப்பது எங்கும் பொருந்தும். ஆச்சி என்பது நகரத்தார் குடும்பப் பெண்களுக்குரிய மரியாதைச் சொல். கடையில் உள்ளவர்களே அப்படி அழைக்கும் ஒருவரை நீங்களும் அப்படி அழைக்கலாம். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இந்த ஊர்க் கடைகளில் அன்பாகக் கேட்கும் ஒரு சொல்லுக்குக் கூடுதலாக ஒரு கரண்டிக் குழம்பு வரும்.

நாலு மணி: வெள்ளைப் பணியாரத்துக்குக் காத்திருத்தல்

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடும் பொழுது மாலை நான்கு முதல் ஆறு வரை. பகல் சாப்பாட்டுக்கும் இரவு உணவுக்கும் நடுவே, எண்ணெய்ச் சட்டி வைத்து வெள்ளைப் பணியாரமும் மசாலாச் சீயமும் இனிப்புப் பணியாரங்களும் போடும் சிறு கடைகள் இந்த நேரத்தில்தான் உயிர்பெறுகின்றன. நான்கு நண்பர்கள் மிகக் குறைந்த செலவில் செட்டிநாட்டின் தனிச்சுவையை உண்ண வேண்டும் என்றால், மற்ற எந்த வேளையையும்விட இந்த வேளையையே நான் பரிந்துரைப்பேன்.

வெள்ளைப் பணியாரம் பார்ப்பதற்கு எளிய பண்டம். பச்சரிசியைப் படி மட்டத்துக்கு அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தைக் குவித்து, இரண்டையும் ஊறவைத்து, வெண்ணெய் போல் அரைத்து, உப்பும் சிறிது பாலும் சேர்த்துக் கரைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயின் நடுவில் ஊற்ற, அது அடியில் சென்று, ஓரங்கள் பூப்போல விரிந்து மேலே எழும்பும். உடனே கரண்டியால் எண்ணெயை அதன்மேல் வாரி விட்டு, திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால் அடுப்பை விட்டு ஒரு கணமும் நகர முடியாது, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் ஊற்றவும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: நான்கு பேர் போய் இருபது பணியாரம் ஒரே தடவையில் கேட்காதீர்கள். கேட்டால், கடைசிப் பணியாரம் எடுக்கும்போது முதல் பணியாரம் துவண்டு எண்ணெய் கோத்திருக்கும். ஆளுக்கு ஒன்று என்று நான்கு கேளுங்கள், சட்டியின் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள், பிறகு அடுத்த நான்கைக் கேளுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் வரமிளகாய்ச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டால்தான் அதன் அருமை விளங்கும். பார்சல் வாங்கிப் போய் விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு வெள்ளைப் பணியாரம் எப்படி இருக்கும் என்பதே தெரியாது என்று நான் துணிந்து சொல்வேன்.

மசாலாச் சீயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே வகை மாவைக் கொஞ்சம் கெட்டியாக அரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய் ஆகியவற்றைத் தாளித்துச் சேர்த்து உருண்டையாகக் கிள்ளிப் போடுவதால், கால் மணி நேரம் தாங்கும். கந்தரப்பம் போன்ற வெல்லப் பண்டங்களும் தாங்கும். ஆடி மாதத்தில் வந்தால் கும்மாயம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வறுத்த உளுந்து மாவையும் கருப்பட்டியையும் நெய்யையும் சேர்த்துக் கிளறும் அது, ஒரு கரண்டியே ஒருவருக்குப் போதுமான கனம் உடையது.

உட்கார்ந்து நெடுநேரம் பேச வேண்டும் என்பவர்களுக்குக் கல்லூரிச் சாலைப் பக்கமும் நூறடிச் சாலைப் பக்கமும் பேக்கரிகளும், குளிர்சாதன வசதியோடு காபியும் பர்கரும் தரும் கஃபேக்களும் இருக்கின்றன. ஒரு காபிக்கு அங்கே கொடுக்கும் விலையில் பெரும்பகுதி நாற்காலிக்கான வாடகை என்று எண்ணிக்கொண்டால் வருத்தம் இராது. பணியாரத்தைச் சட்டியோரம் முடித்துவிட்டு, பேச்சுக்கு மட்டும் அங்கே போவது நல்ல ஏற்பாடு.

இரவு

இரவு ஏழரைக்கு மேல் பரோட்டாக் கல் சூடேறும். சென்னை எழும்பூரிலிருந்து வரும் பல்லவன் விரைவு வண்டி இரவு பத்து மணிக்கு மேல்தான் காரைக்குடி வந்து சேர்கிறது. அதில் வருகிறவர்களுக்கு நம்பகமான உணவு பரோட்டாவும் முட்டைப் பண்டங்களும்தான். பரோட்டா ஆளுக்கு இரண்டு, நான்கு பேருக்குப் பொதுவாக ஒரு கொத்து பரோட்டா, ஒரு கலக்கி என்று சொன்னால் போதும், சால்னா கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். பகலில் கறி வகைகளை நிறையச் சாப்பிட்டிருந்தால், இரவில் இட்லி, இடியாப்பம் போடும் சைவக் கடைக்குப் போவது வயிற்றுக்கு நல்லது. மறுநாளும் சுற்ற வேண்டியிருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

குடிநீருக்கு, மேசையில் உள்ள கூஜாவில் இருப்பது கேன் தண்ணீரா, காய்ச்சிய நீரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெந்நீர் கேட்டால் பெரும்பாலான கடைகளில் தருவார்கள்.

பில்லும் பங்கும்

சிறிய கடைகளில் பரிமாறியவர் வாயால் கணக்குச் சொல்ல, கல்லாவில் இருப்பவர் கூட்டி வாங்குவார். அங்கே பண்டங்களை நீங்களும் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட பில் தரும் கடைகளில், சாதாரண உணவகத்துக்குரிய ஜிஎஸ்டி 5 விழுக்காடு. 2017 நவம்பர் முதல் இதுதான் நடைமுறை. மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று இரண்டு வரிகளாகக் காட்டியிருப்பார்கள். 800 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி 40 ரூபாய், மொத்தம் 840 ரூபாய். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் பதிவு செய்த கடைகள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. தாங்கள் அந்தத் திட்டத்தில் இருப்பதைப் பில்லில் குறிப்பிட்டிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்க்கும் வழக்கம் நம்மூர் மெஸ்களில் இல்லை. பெரிய இடங்களில் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பரிமாறியவருக்கு விரும்பிக் கொடுக்கும் பத்து, இருபது ரூபாய் வேறு. அதை அவர் கையிலேயே கொடுங்கள்.

யுபிஐ வசதி டீக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் சிக்னல் கிடைக்காத நேரமும், ஸ்கேன் அட்டை இல்லாத பணியாரச் சட்டியும் உண்டு என்பதால், குழுவில் ஒருவரிடமாவது பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். நண்பர்களுக்குள் பங்கு பிரிக்கும்போது, சோறு, இட்லி, டீ ஆகியவற்றைச் சமமாகவும், தட்டிலிருந்து எடுத்த கறிகளை அவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு மட்டுமாகவும் பிரியுங்கள். சைவம் உண்பவர் மட்டன் சுக்காவுக்குப் பங்கு தருவதும், மாத உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவர் சம்பளக்காரர்களின் காடைக்குப் பங்கு தருவதும் நட்புக்கு நல்லதில்லை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும்மாட்டார்கள். ஒருவர் முழுப் பில்லையும் கட்டிவிட்டு, அன்றிரவுக்குள் மற்றவர்கள் அவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர்களைச் சுற்றப் போகும் நாளில்

கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் பள்ளத்தூருக்கும் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே போய்ப் பகல் உணவைத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பக் கூடாது. அகன்ற தெருக்களும் நீண்ட மாளிகைகளும் நிறைந்த அந்த ஊர்களில் குடியிருப்போர் குறைவு, அதனால் கடைகளும் குறைவு. டீயும் வடையும் கிடைக்கும், குறைந்த விலையில் முழுச் சாப்பாடு கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. காலை டிபனைக் காரைக்குடியில் முடித்துக்கொண்டு, எட்டரைக்குள் புறப்பட்டு, பன்னிரண்டரைக்கு நகரத்துக்குத் திரும்பிவிடுவது ஒரு வழி. சுற்றி முடிக்க மாலையாகும் என்றால், புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் பார்சல் வாங்கிச் செல்லுங்கள். தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆகவே மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் குழம்பு வாங்குவதற்கும் எளிது, சூட்டில் பை உருகும் அச்சமும் இல்லை.

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் காரைக்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளவை. அங்கே கோயிலை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. விநாயகர் சதுர்த்தியின்போதும், தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடியில் கூடும் நாட்களிலும் அந்தக் கடைகளில் நண்பர்களோடு நிதானமாக உட்கார இடம் கிடைக்காது. கையில் உணவு கொண்டுபோவதே நல்லது.

ஊருக்குத் திரும்பும்போது தேன்குழல், அதிரசம், மாவுருண்டை, மனகோலம், சீப்புச் சீடை ஆகியவற்றை வாங்கிச் செல்ல விரும்புகிறவர்கள், ஒரே வகையில் ஒரு கிலோ வாங்காமல் கால் கிலோ அளவில் நாலைந்து வகை கேட்கலாம். பலகாரக் கடைகளில் தடையின்றி நிறுத்துத் தருவார்கள். எண்ணெய்ப் பலகாரத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள், சுவைக்க ஒன்று கேட்டாலும் தருவார்கள். மாவுருண்டை நெய் சேர்ந்தது என்பதால் பையின் மேல்பகுதியில் தனி டப்பாவில் இருக்க வேண்டும்; அடியில் போனால் ஊர் போய்ச் சேரும்போது மாவாகத்தான் இருக்கும். காலையில் சென்னைக்குப் புறப்படும் பல்லவன் விடியும் முன்பே கிளம்பிவிடும், அந்த நேரத்தில் பலகாரக் கடையும் டிபன் கடையும் திறந்திருக்காது. ஆகவே பலகாரத்தை முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் வாங்கி வைத்துவிட்டு, வண்டியில் காலை உணவுக்கு இரவே ஒரு கடையில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை இலையில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.